‘ஐ’ ஒன்று, பொருள் பல: சூத்திரம், நிரல், தமிழ் மூன்றும் கலந்த ஆவணத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: குறிப்பேடு

சிக்னல் பிராசஸிங் அடிப்படைகளுக்குத் தமிழில் பாடக்குறிப்பு ஒன்று தயாராகிறது. சூத்திரம், பைத்தான் நிரல், கொஞ்சம் மேட்லேப் நிரல், தமிழ் விளக்கம் எல்லாம் ஒரே ஆவணத்தில் வரும். உள்ளே ஒரு தேடல் பெட்டியும் உண்டு.

ஐ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து எல்லா இடத்திலும் முட்டுகிறது. சூத்திரத்தில் அது √−1. மின்சுற்றில் மின்னோட்டம். லூப்பில் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில்) எண்ணிக்கை மாறி. அணிகளில் பெரிய ஐ என்றால் அலகு அணி. தமிழ்ப் பகுதிக்கு வந்தால் அதே ஒலியுள்ள தமிழ் எழுத்து இரண்டாம் வேற்றுமை உருபாக நிற்கிறது. ‘பால்’ என்று தேடுபவருக்குப் ‘பாலை’ கிடைக்க வேண்டும், ஆனால் பாலை நிலம் கிடைக்கக் கூடாது.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். √−1க்கு ஐ எழுதுவதா, ஜே எழுதுவதா? லூப் மாறியாக ஐ வைப்பதைத் தடுக்க வேண்டுமா? தமிழ்த் தேடலில் ஐ உருபை எப்படிப் பிரிப்பது?

பதில் 1: சிக்கலெண்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

√−1க்கு இந்த எழுத்தை ஆய்லர் 1777இல் பயன்படுத்தினார். காஸ் எடுத்தாண்ட பிறகுதான் அது பரவியது. மின்னோட்டத்துக்குப் பெரிய ஐ வந்த வழி வேறு: பிரெஞ்சில் மின்னோட்டத்தின் ‘செறிவு’ என்று பொருள்படும் சொல்லின் முதலெழுத்து அது. நேரத்தோடு மாறும் மின்னோட்டத்தைச் சிறிய ஐயால் குறிப்பது வழக்கமானதும் ஒரே சமன்பாட்டில் இரண்டும் மோத ஆரம்பித்தன. அதனால்தான் மின்பொறியியல் ஜேக்கு மாறியது. உங்கள் பாடம் சிக்னல் பிராசஸிங் என்பதால் ஜே எழுதுங்கள். பைத்தானும் அதையே கேட்கிறது, நிரலுக்கும் சூத்திரத்துக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பு வேலை மிச்சம்.

ஆனால் இயற்பியல் நூலிலிருந்து எடுத்த சூத்திரத்தில் ஐயை அழித்து ஜே போட்டால் வேலை முடியாது. பலரும் தவறுவது இங்கேதான். அலையை எழுதும்போது பொறியாளர்கள் அடுக்கில் ‘+ஜே × ஒமேகா × நேரம்’ வைப்பார்கள் (ஒமேகா என்பது கோண அதிர்வெண்). இயற்பியலில் பெரும்பாலும் ‘−ஐ × ஒமேகா × நேரம்’ வரும். நேரத்தைப் பொறுத்து வகைக்கெழு எடுத்தால் முதலாவதில் ‘+ஜே ஒமேகா’ வெளியே வரும், இரண்டாவதில் ‘−ஐ ஒமேகா’. ஆகவே மின்தூண்டியின் மின்னெதிர்ப்பு பொறியாளருக்கு +ஜே ஒமேகா எல் (எல் என்பது மின்தூண்டல் எண்). இயற்பியல் வழக்கில் −ஐ ஒமேகா எல். எழுத்தை மட்டும் மாற்றி, குறியை அப்படியே விட்டால் உங்கள் மின்தூண்டி மின்தேக்கி மாதிரி நடக்கும். கட்டக் கோணம் +90 பாகை வர வேண்டிய இடத்தில் −90 வரும். ஆகவே இயற்பியல் வழக்கிலிருந்து வரும் சூத்திரத்தில் ஐயைப் பார்த்த இடமெல்லாம் ‘−ஜே’ என்று எழுதுங்கள். அதற்கு முன்னால் அந்த நூல் எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்று பார்த்துவிடுங்கள், எல்லா இயற்பியல் நூலும் ஒன்றல்ல.

இன்னொரு பொறி முப்பரிமாண வெக்டர். அங்கே ஐ என்பது எக்ஸ் அச்சின் அலகு வெக்டர். அதையே அதோடு பெருக்கினால் புள்ளிப் பெருக்கத்தில் 1, குறுக்குப் பெருக்கத்தில் 0. கற்பனை எண்ணாக எடுத்தால் −1. அலகு அணியாக எடுத்தால் விடை அதே அலகு அணி. ‘ஐயின் வர்க்கம் என்ன’ என்று மட்டும் கேட்டால் நான்கு விடையும் சரி. வெக்டருக்கு ஐ, ஜே, கே வந்ததே ஹாமில்டனின் குவாட்டர்னியன் என்ற நான்கு கூறு எண்ணிலிருந்துதான் (1843). அங்கே மூன்றுமே வர்க்கமானால் −1. பின்னால் வெக்டர் கணிதம் தனியாகப் பிரிந்தபோது எழுத்து அப்படியே தங்கியது, விதி மாறிவிட்டது. உங்கள் குறிப்பில் வெக்டர் வந்தால் அலகு வெக்டர்களுக்கு ஈ என்ற ஆங்கில எழுத்தில் கீழ்க்குறி 1, 2, 3 போட்டுவிடுங்கள். ஜேயை √−1க்குக் கொடுத்த பிறகு ஒய் அச்சுக்கும் அதைக் கொடுக்க முடியாது.

அச்சில் ஒரு சின்ன ஒழுங்கு: பன்னாட்டுத் தர அமைப்பின் கணிதக் குறியீட்டுத் தரம் √−1ஐ நிமிர்ந்த எழுத்தில் அச்சிடச் சொல்கிறது, மாறிகளைச் சாய்வெழுத்தில். நிமிர்ந்திருந்தால் மாறிலி, சாய்ந்திருந்தால் கீழ்க்குறி என்று கண்ணே பிரித்துக்கொள்ளும். லேடெக்ஸ் என்ற அச்சமைப்பு மென்பொருளில் இதற்கு ஒரு மேக்ரோ (சுருக்கப் பெயர்) எழுதி எல்லா இடத்திலும் அதையே அழையுங்கள். பின்னால் ஜேயிலிருந்து ஐக்கு மாற வேண்டி வந்தால் ஒரே வரியில் முடியும்.

பதில் 2: சுழல்மாறி

லூப்பில் ஐ வைப்பதைத் தடுக்க வேண்டாம். படிப்பவர் எல்லாருக்கும் பழகிய வழக்கம் அது. கணிதத்தில் கூட்டல் தொடரின் கீழ்க்குறியாக இருந்தது, ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழி வழியாக நிரலுக்குள் வந்து நிலைத்தது. ஃபோர்ட்ரானில் ஐ முதல் என் வரை உள்ள ஆறு எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள், நாம் அறிவிக்காவிட்டால், தானாகவே முழு எண் மாறிகள். பழைய ஃபோர்ட்ரான் நிரலை வாசிக்கும்போது இதை மறந்தால் கணக்கு புரியாது: ஐக்கு 7.0/2.0 கொடுத்தால் 3.5 வராது, 3 வரும். ஃபோர்ட்ரான் 90 தரத்திலிருந்து, இந்த ஊகம் வேண்டாம் என்று நிரலின் தலையிலேயே அறிவித்துவிடலாம். புது நிரலில் அதைச் செய்யாமல் விடவே கூடாது.

ஆபத்து எங்கே என்றால், மாறியின் எல்லை நாம் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும் இடங்களில். மேட்லேப் அதற்கு நல்ல உதாரணம். அங்கே ஐ, ஜே இரண்டுமே தொடக்கத்தில் √−1. ‘ஐ = 1 முதல் 10 வரை’ என்று ஒரு லூப் ஓடி முடிந்தால், ஐ அதற்குப் பிறகும் 10ஆகவே நிற்கும். அடுத்த வரியில் 3 + 2*ஐ என்று எழுதினால் சிக்கலெண் வராது, 23 வரும். பிழைச் செய்தியும் வராது. பெருக்கல் குறி இல்லாமல் 2ஐ என்று எண்ணோடு ஒட்டி எழுதினால் அது எப்போதும் √−1தான், மாறியின் பெயரோடு மோதாது. ஆகவே மேட்லேப் பகுதியில் ஒரே விதி வையுங்கள்: கற்பனை அலகு எண்ணோடு ஒட்டியே வரும், தனியாக வேண்டுமானால் 1ஜே.

பைத்தானில் இந்தத் தொல்லை கிடையாது. ஜே தனியாக வந்தால் அது சாதாரண மாறிப் பெயர், மதிப்பு கொடுக்காவிட்டால் பெயர் தெரியாது என்று நின்றுவிடும். 1ஜே மட்டும்தான் √−1. அங்கே 1ஐ என்று எழுதினால் தொடரியல் பிழை. சி மொழியில் சிக்கலெண் தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் பெரிய ஐ ஒரு மேக்ரோ ஆகிவிடும். அதற்குப் பிறகு மின்னோட்டத்துக்கோ அலகு அணிக்கோ பெரிய ஐ என்று மாறி வைத்தால் விளங்காத பிழைகளாகக் கொட்டும். அந்த மேக்ரோவை நீக்கிக்கொள்ளத் தரமே அனுமதிக்கிறது, நீக்கிவிட்டு வேறு பெயரில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றுக்குள் ஒன்றாக வரும் லூப் இரண்டிலும் ஐ வைத்தால் என்ன ஆகும் என்பது மொழிக்கு மொழி மாறும். சி மொழியில் ஒரே மாறியை இரண்டும் பகிர்ந்தால், வெளி லூப் 10 வரை, உள் லூப் 5 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் லூப் முடியும்போது ஐ 5. வெளி லூப் அதை 6 ஆக்கும், 10க்குக் குறைவு என்று உள்ளே போகும், உள் லூப் மறுபடி 0இல் தொடங்கும். நிரல் முடியவே முடியாது. அதே எண்களை மாற்றி, வெளி 3, உள் 5 என்றால் ஒரே சுற்றில் முடிந்துவிடும். இது இன்னும் மோசம், ஓடி முடிந்ததால் சரி என்று தோன்றும். பைத்தானின் லூப் வரிசையிலிருந்து அடுத்ததை எடுத்துத் தருவதால் சுற்றுகளின் எண்ணிக்கை கெடாது. ஆனால் உள் லூப்புக்குக் கீழே வரும் வரிகளில் ஐ உள் லூப்பின் கடைசி மதிப்பைத்தான் சொல்லும்.

லூப்புக்குள் செயல்கூறு (பின்னால் அழைத்து ஓட்டும் நிரல்துண்டு) உருவாக்கும்போதும் இதே கதை. ஜாவாஸ்கிரிப்ட்டில் பழைய முறையில் ஐயை அறிவித்து 0, 1, 2 என்று மூன்று செயல்கூறுகள் உருவாக்கிப் பிறகு அழைத்தால் மூன்றும் 3 என்று சொல்லும். பைத்தானில் மூன்றும் 2 என்று சொல்லும். இரண்டிலும் செயல்கூறு பிடித்து வைத்தது மாறியைத்தான், அந்த நேரத்து மதிப்பை அல்ல. ஜாவாஸ்கிரிப்ட் கடைசியாக ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு நிற்பதால் 3, பைத்தான் வரிசை தீர்ந்ததும் நிற்பதால் 2. ஜாவாஸ்கிரிப்ட்டில் 2015 தரத்தில் வந்த ‘லெட்’ அறிவிப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஐ தரும். பைத்தானில் அளபுருவின் இயல்பு மதிப்பாக ஐயைக் கொடுத்தால் அப்போதைய மதிப்பு உறைந்துவிடும்.

படங்களைக் கையாளும் பாடம் இருந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அணியில் முதல் கீழ்க்குறி ஐ கிடைவரிசை எண், இரண்டாவது ஜே நெடுவரிசை எண். கிடைவரிசை எண் ஏறினால் படத்தில் கீழே போகிறோம், அதாவது ஐ என்பது ஒய் திசை. ஐயை எக்ஸ் என்று எடுத்தால், சதுரப் படத்தில் எந்தப் பிழையும் தெரியாமல் படம் மூலைவிட்டத்தில் புரண்டு நிற்கும். நீளமும் அகலமும் வேறான படத்தில் சோதித்தால் உடனே மாட்டும்.

பதில் 3: உருபுவிரி

தமிழ்ப் பகுதிக்கு வருகிறேன். நன்னூல் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழிகள் 42இல் ஐயும் உண்டு. தலைவன் என்பது அதன் பொருள்களில் ஒன்று. தொல்காப்பிய உரியியல் ‘ஐ வியப்பாகும்’ என்கிறது. ஐவர், ஐம்பொறி என்று வரும்போது அது ஐந்து. இவை தேடலுக்குத் தொல்லை தராது. தொல்லை முழுக்க உருபில்தான்.

சொல் ஐயில் முடிந்தாலே வெட்டிவிடும் நிரல்கள் ஏராளம். ‘மலை’யை வெட்டி ‘மல்’ ஆக்கும், ‘கை’யை வெட்டி ‘க்’ ஆக்கும். வெட்டுவதற்கு முன் முழுச் சொல்லும் அகராதியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உருபு எப்படி ஒட்டியது என்பதைப் பின்னோக்கி அவிழ்க்க வேண்டும். மரத்தை: ‘த்தை’ போய் ‘ம்’ வரும். வீட்டை: ‘ட்டை’ போய் ‘டு’. ஆற்றை: ‘ற்றை’ போய் ‘று’. மலையை: யகர உடம்படுமெய்யோடு ஐ போகும். பூவை: வகர உடம்படுமெய்யோடு போகும். கல்லை: இரட்டித்த ல் ஒன்றாகும்.

இப்போது உங்கள் பாலை. இங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது, கவனித்தால் வேலை எளிதாகும். தனிக்குறிலை அடுத்த மெய் உருபு ஏற்கும்போது இரட்டிக்கும்: கல், கல்லை. நெடிலை அடுத்த மெய் இரட்டிக்காது: பால், பாலை. அதனால் குழப்பச் சொற்கள் பெரும்பாலும் நெடில் வரும் சின்னச் சொற்களிலேயே குவிகின்றன. காலை, மாலை, வேலை, பாலை, நாளை, வாளை. ஒவ்வொன்றும் தனிச்சொல்லும்தான், கால், மால், வேல், பால், நாள், வாள் என்பவற்றோடு ஐ சேர்ந்ததும்தான். இந்தப் பட்டியல் சிறியது, கையாலேயே தொகுத்துவிடலாம். பட்டியலில் உள்ள சொல் வந்தால் இரண்டு வேர்களையும் சுட்டியில் (தேடலுக்கான சொல் அட்டவணையில்) ஏற்றுங்கள், தனிச்சொல்லுக்கு ஒரு மதிப்பெண், பிரித்த வேருக்கு ஒரு மதிப்பெண் என்று வைத்து முடிவுகளை வரிசைப்படுத்துங்கள்.

மதிப்பெண் கொடுக்கச் சந்தி உதவும். இரண்டாம் வேற்றுமை விரியில் (உருபு வெளிப்படையாக நிற்கும் தொடரில்) க, ச, த, ப முன் வல்லினம் மிகும். ‘நாளைக் குறித்தான்’ என்றால் நாள் என்ற சொல். ‘நாளை குறிப்பான்’ என்றால் மறுநாள். ஆனால் எதிர்ப்பக்கம் செல்லாது: ‘பாலைத்திணை’, ‘வேலைக்காரர்’ என்று தொகையிலும் வல்லினம் மிகுவதால், ஒற்று இருப்பது மட்டும் உருபுக்குச் சான்றாகாது. ஒற்று இல்லாததை உருபுக்கு எதிரான சான்றாக எடுக்கலாம், அதுவும் சந்தி பார்த்து எழுதிய உரையில்தான். உங்கள் குறிப்புகளை நீங்களே எழுதுவதால் சந்தியைச் சரியாக வையுங்கள், தேடலுக்கும் அது உழைக்கும்.

ஐயா, அய்யா என்ற இரட்டை வழக்குக்கும் ஏற்பாடு வேண்டும். அகரத்தை அடுத்து யகர மெய் வந்தாலும் ஐ ஒலிக்கும் என்று தொல்காப்பியமே சொல்கிறது, மையம் மய்யம் ஆவதும் அப்படித்தான். தேடல் சாவியில் மட்டும் ‘அய்’ வந்தால் ‘ஐ’ ஆக்குங்கள். மூல உரையைத் தொடாதீர்கள். ‘ய’வுக்குப் பின் புள்ளி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், இல்லாவிட்டால் ‘அயல்’ போன்ற சொற்கள் கெடும்.

குறிப்பேடு

மிக்க நன்றி. பட்டியல் யோசனை உடனே வேலை செய்கிறது. இரண்டு புதுச் சிக்கல்கள். பழைய எழுத்துரு ஒன்றில் இருந்த கோப்புகளை யூனிக்கோடுக்கு மாற்றியதில் சில இடங்களில் ஐகாரக் குறி வட்டப் புள்ளிகளோடு தனியாகத் தொங்குகிறது. இன்னொன்று, சில பயனர்களின் கணினியில் மட்டும் ஆங்கிலச் சொற்களின் தேடல் தோற்கிறது. பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கிய பிறகுதான் ஒப்பிடுகிறது. அந்தப் பகுதி ஜாவாவில் இருக்கிறது.

பதில் 4: குறிமுறை

இரண்டாவதை முதலில் முடிக்கலாம், அந்தக் கணினிகளின் மொழி அமைப்பு துருக்கியாகவோ அசர்பைஜானியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். துருக்கியில் ஐ இரண்டு தனி எழுத்துகள், புள்ளி உள்ளது, புள்ளி இல்லாதது. புள்ளி உள்ள சிறிய ஐக்குப் பெரிய எழுத்திலும் புள்ளி உண்டு, யூனிக்கோடு எண் 304. புள்ளி இல்லாத பெரிய ஐக்குச் சிறிய எழுத்திலும் புள்ளி கிடையாது, எண் 305. ஜாவாவில் மொழி சொல்லாமல் சிறிய எழுத்தாக்கினால் கணினியின் மொழியையே எடுத்துக்கொள்ளும். நம் வழக்கமான பெரிய ஐ, எண் 73, அங்கே 105 ஆகாமல் 305 ஆகிவிடும், ஒப்பீடு தோற்கும். சிறிய எழுத்தாக்கும் அழைப்பில் ‘லொக்கேல் ரூட்’ என்று மொழியற்ற அமைப்பைக் கொடுத்தால் தீரும். பெரிய எழுத்தாக்கும் இடங்களிலும் கொடுங்கள். ஒன்றை விட்டாலும் பிழை அங்கே பதுங்கும்.

304ஐத் துருக்கி அல்லாத அமைப்பில் சிறிய எழுத்தாக்கினால் 105, அதன் மேல் இணையும் புள்ளி 775 என்று இரண்டு குறிகளாகும். நீளம் மாறாது என்று நம்பி எழுதிய நிரல், தேடிய சொல்லைத் திரையில் வண்ணமிடும்போது ஓரிடம் தள்ளி வண்ணமிடும்.

தொங்கும் ஐகாரக் குறி: ‘கை’யில் குறி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் யூனிக்கோடில் க முதலில், எண் 2965, ஐகாரக் குறி பின்னால், எண் 3016. டிஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் கண்ணில் தெரியும் வரிசையிலேயே சேமிப்பார்கள், குறி முதலில், மெய் பின்னால். மாற்றும் நிரல் இடம் மாற்றிப் போட வேண்டும். உங்களுடையது பெரும்பாலும் செய்கிறது, ‘க்ஷ’ வருமிடத்தில் தடுமாறுகிறது என்று நினைக்கிறேன். தீக்ஷை போன்ற சொற்களைப் பாருங்கள். டிஸ்கியில் க்ஷ ஒரே குறி, யூனிக்கோடில் க, புள்ளி, ஷ என்று மூன்று. எழுத்து எழுத்தாக மாற்றி முடித்துவிட்டு, ஐகாரக் குறியை ஒரே இடம் பின்னால் தள்ளினால் அது கவுக்கும் புள்ளிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பழைய குறியேற்றத்தில் இருக்கும்போதே இடம் மாற்றிவிட்டு, பிறகு யூனிக்கோடு ஆக்குங்கள். எகர, ஏகாரக் குறிகளுக்கும் இதே வரிசை.

நிரலில் வெட்டும் இடங்களையும் பாருங்கள். ‘கை’ நமக்கு ஓரெழுத்து, பைத்தான் நீளம் 2, யூடிஎஃப்-8இல் 6 பைட். தலைப்பை 20 குறிக்குச் சுருக்கும் நிரல் லவையும் ஐகாரக் குறியையும் பிரித்தால் ‘மலை’ ‘மல’ ஆகி நிற்கும். பைத்தானில் எழுத்துக் கூட்டாக எண்ணும் நூலகம் வைத்து வெட்டுங்கள்.

பதில் 5: உருபுவிரி

ஒரு சேர்க்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு நூல்களை ஸ்கேன் செய்து சேர்ப்பதாக இருந்தால் ணை, லை, ளை, னை நான்கையும் தனியாகச் சோதியுங்கள். அப்போது இவற்றின் ஐகாரம் தனிக் குறியாக நிற்காது, மெய்யின் மேல் வளைந்து ஏறும் கொம்பாக ஒட்டியிருக்கும். யூனிக்கோடில் அதற்குத் தனி எண் இல்லை, அது எழுத்துருவின் வடிவம் மட்டுமே. புது வடிவத்தில் மட்டும் பயின்ற எழுத்துணரி (ஸ்கேன் படத்தை எழுத்தாக்கும் மென்பொருள்) அந்தக் கொம்பை விட்டுவிட்டு ண, ல, ள, ன என்று வாசிக்க வாய்ப்புண்டு. அப்படி வாசித்தால் ‘மாலை’ ‘மால’ ஆகிவிடும், மேலே சொன்ன பட்டியலுக்கே வராது. ஐயையும் ஜவையும் மாற்றி வாசிப்பதும் சிறிய எழுத்தில் நடக்கும். தமிழ்ச் சொல்லின் நடுவில் உயிரெழுத்து ஐ தனியாக வந்தால் அதைச் சந்தேகப் பட்டியலில் போட்டுக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.